பரணிலிருந்து இறங்கிய கேசட் டெக்: கிருஷ்ணகிரியில் ஒரு பழுதுபார்ப்பு, நிகழ்வு ஆய்வு

பின்னணி

கிருஷ்ணகிரி பழையபேட்டையில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர், சென்ற தை மாதம் ஒரு கேசட் டெக்கைத் துண்டில் சுற்றி ஆட்டோவில் எடுத்து வந்தார். வயது 74. நான் படித்த பள்ளியில் வேலை பார்த்தவர் என்பதால் எனக்கு அவர் இன்றும் 'சார்'தான், நான் அவருக்குத் 'தம்பி'. ரேடியோவும் ஆம்ப்ளிஃபயரும் பழுது பார்ப்பது என் தொழில் அல்ல. மாலை நேரங்களில் வீட்டில் ஆர்வத்தால் செய்கிறேன்.

டெக் 1980-களின் தொடக்கத்தில் ஜப்பானில் செய்தது. அவருடைய மச்சினர் 1984-ல் குவைத்திலிருந்து கொண்டுவந்து கொடுத்தது. இருபது ஆண்டு நன்றாக ஓடியிருக்கிறது. பிறகு பெரியவன் சிடி பிளேயர் வாங்க, சின்னவன் செல்போன் வாங்க, டெக் பரணுக்குப் போய்விட்டது.

அவருக்கு டெக் முக்கியம் இல்லை. துண்டுக்குள் இன்னொரு பொட்டலம் இருந்தது: 11 கேசட்டுகள். அதில் ஒரு சி-90 (இரண்டு பக்கமும் சேர்ந்து 90 நிமிடம் ஓடும்) கேசட்டில் அவருடைய அம்மா பாடிய தாலாட்டும் நடவுப் பாட்டும் ஒப்பாரியும் இருந்தன. 1986-ல் காவேரிப்பட்டணம் பக்கத்துக் கிராமத்து வீட்டில் பேட்டரியில் ஓடும் சின்ன ரெக்கார்டரில் பதிந்தவை. அம்மா 1991-ல் காலமாகிவிட்டார். அவர் குரல் வேறெங்கும் இல்லை.

ஒரு வருடத்துக்கு முன் யாரோ கொடுத்த பழைய டூ-இன்-ஒன்னில் (ரேடியோவும் கேசட் பிளேயரும் சேர்ந்த பெட்டி) அந்தக் கேசட்டைப் போட்டுப் பார்த்திருக்கிறார். சில நொடியில் நாடா சிக்கிக் கசங்கியது. பயந்துபோய் எடுத்து வைத்தவர், டெக்கைச் சரிசெய்தால் கேட்கலாமா என்று கேட்டுத்தான் வந்தார்.

முதல் முடிவு: கேசட்டைத் தொடாமல் வைப்பது

அன்று மாலையே கேசட்டைப் போட்டுப் பார்க்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. நான் ஒப்புக்கொள்ளவில்லை. சி-90 நாடாவின் கனம் சுமார் 12 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கை விடக் கொஞ்சம் அதிகம். அகலம் 3.81 மில்லிமீட்டர். பழுதான இயந்திரத்தில் அது ஒருமுறை சுற்றிக்கொண்டால் அந்த இடத்துப் பாட்டு போனதுதான். டெக்குக்கு மாற்று கிடைக்கும், கேசட்டுக்குக் கிடைக்காது.

அன்று அந்தக் கேசட்டுக்குச் செய்தது ஒன்றே ஒன்று. பின்விளிம்பில் இருக்கும் இரண்டு சின்ன பிளாஸ்டிக் பற்களையும் உடைத்துவிட்டேன். அவை இருக்கும்வரை யாராவது கை தவறி ரெக்கார்ட் பட்டனை அழுத்தினால் அம்மா குரலின் மேல் வேறொன்று பதிந்துவிடும். 38 வருடமாக அந்தப் பற்கள் அப்படியே இருந்திருக்கின்றன என்பதைப் பார்த்தபோது எனக்கே வயிற்றைக் கலக்கியது.

மூடியைத் திறந்தபோது

பின்புறம் மின்னழுத்தத் தேர்வுச் சுவிட்ச் இருந்தது: 110, 120, 220, 240. அது 220-ல் நின்றது. எங்கள் தெருவில் மாலையில் மீட்டர் வைத்தால் 236-லிருந்து 244 வரை காட்டும். அதனால் 240-க்கு மாற்றினேன்.

உள்ளே செம்மண் தூசி, மூன்று பல்லி முட்டை ஓடுகள், காய்ந்த சிலந்திக்கூடு. தூசியைப் பெயிண்ட் பிரஷ்ஷால் தட்டி, வேக்வம் கிளீனரைத் தள்ளிப் பிடித்து இழுத்தேன். பிறகு நேரடியாக மின்சாரம் கொடுக்காமல் சீரிஸ் லாம்ப் வழியாகக் கொடுத்தேன். 60 வாட் குண்டு பல்பைத் தொடராக இணைத்துவிட்டால், உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு பளிச்சென்று எரியும், டிரான்ஸ்ஃபார்மர் பிழைத்துக்கொள்ளும். பல்பு ஒரு கணம் மின்னி மங்கியது. மீட்டர் விளக்கு எரிந்தது. ப்ளே அழுத்தினால் மோட்டார் சுற்றும் சத்தம் கேட்டது, ஆனால் நாடாவை முன்னால் தள்ளும் தண்டான கேப்ஸ்டன் அசையவில்லை.

காரணம் கண்ணுக்கு முன்னாலேயே இருந்தது. மோட்டாருக்கும், கேப்ஸ்டனைச் சுழற்றும் கனமான சக்கரமான ஃப்ளைவீலுக்கும் இடையில் இருந்த ரப்பர் பெல்ட் உருகி, கோடைக்காலத்துத் தார்ச்சாலை மாதிரிக் கருப்புக் கூழாகிவிட்டிருந்தது. இந்த வயது டெக்குகளில் இதை எதிர்பார்க்கலாம். அந்தக் கூழை எடுப்பது நிதானமான வேலை. கையுறை போட்டு, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் ஃப்ளைவீலையும் மோட்டார் புல்லியையும் துடைத்தேன். முதல் பஞ்சு பட்டதும் கூழ் இன்னும் பரவும். பஞ்சு கருப்பாக வராமல் வெள்ளையாக வரும்வரை மாற்றி மாற்றித் துடைக்க வேண்டும். நாற்பது பஞ்சுக்கு மேல் ஆனது. ஒரு துளி கேப்ஸ்டன் தண்டில் பட்டால்கூட அது நாடாவுக்குப் போய்விடும் என்பதால் தண்டைக் கடைசியில் தனியாக, புதுப் பஞ்சில் துடைத்தேன்.

நாடாவிலிருந்து ஒலியை எடுக்கும் ஹெட்டையும் அதே ஆல்கஹாலில் சுத்தம் செய்தேன். நாடாவைக் கேப்ஸ்டனோடு அழுத்திப் பிடிக்கும் பிஞ்ச் ரோலரின் ரப்பருக்கு மட்டும் சோப்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணி. கேப்ஸ்டன் பேரிங்கில் தையல் மெஷின் எண்ணெய் ஒரே ஒரு சொட்டு. லீவர்களில் மெழுகாக இறுகியிருந்த பழைய கிரீஸைச் சுரண்டிவிட்டுப் புது கிரீஸ் தடவினேன்.

பெல்ட் தேடியது

பழைய பெல்ட் கூழாகிவிட்டதால் அளவு எடுக்க வழியில்லை. பெல்ட் ஓடும் பாதையில் தையல் நூலைச் சுற்றி அளந்தேன்: 251 மில்லிமீட்டர். ரப்பர் கொஞ்சம் இழுபட்டு நிற்க வேண்டும் என்பதால் 5 சதவீதம் குறைத்து 238. வட்டமாக வைத்தால் விட்டம் சுமார் 76 மில்லிமீட்டர்.

பெங்களூரு இங்கிருந்து 90 கிலோமீட்டர்தான். ஒரு சனிக்கிழமை அங்கே எலக்ட்ரானிக்ஸ் கடைகள் இருக்கும் எஸ்.பி. ரோட்டுக்குப் போனேன். நீளம் பொருந்தும் பெல்ட் கிடைத்தது, ஆனால் தட்டை இல்லை, சதுர வெட்டு. ஓடினால் போதும் என்று வாங்கிவந்து போட்டேன். இந்த வேலையில் நான் செய்த முதல் தவறு அது. தட்டை பெல்ட்டுக்காகச் செய்த ஃப்ளைவீலில் சதுர பெல்ட் ஒரு இடத்தில் நிற்காமல் மேலும் கீழும் நடந்துகொண்டே இருந்தது. நாதஸ்வர கேசட் ஒன்றைப் போட்டதும் நீண்டு நிற்க வேண்டிய சுரம் தண்ணீருக்குள் ஊதுவது போல அலைந்தது. 5 மில்லிமீட்டர் அகலத் தட்டை பெல்ட்டை ஆன்லைனில் வரவழைக்கப் பத்து நாள் ஆனது. அதைப் போட்டதும் சுரம் நின்றது.

முதல் சோதனையில் நாடா சிக்கியது

நாதஸ்வரம் ஓடியதில் எனக்குத் தைரியம் வந்திருந்தது. அடுத்து எறிவதற்கு வைத்திருந்த ஒரு சி-60 கேசட்டை முழுப் பக்கமும் ஓடவிட்டுப் பார்த்தேன். பதினெட்டாவது நிமிடத்தில் சத்தம் இழுத்துக்கொண்டு நின்றது. கதவைத் திறந்தால் பிஞ்ச் ரோலரைச் சுற்றி நாடா கூடு கட்டியிருந்தது.

நாடாவை முன்னால் தள்ளுவது கேப்ஸ்டன், வந்த நாடாவைச் சுருட்டிக்கொள்வது வலப்பக்க ரீல். அந்த ரீலுக்குச் சுழற்சியைக் கொடுக்கும் ஐட்லர் சக்கரத்தின் ரப்பர் வளையம் கண்ணாடி மாதிரி வழுவழுப்பாகியிருந்தது. காலி ரீலில் சுற்றும்போது பிடித்துக்கொள்கிறது, சுருள் கொஞ்சம் பெரிதானதும் வழுக்குகிறது. அதனால்தான் தொடக்கத்தில் எதுவும் தெரியவில்லை.

சார் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். "அம்மா கேசட்டு இதுல போயிருந்தா?" என்று மட்டும் கேட்டார். நான் பதில் சொல்லவில்லை.

வளையத்தைக் கழற்றி உள்பக்கம் வெளியே வருமாறு திருப்பிப் போட்டேன். உள்பக்க ரப்பர் இன்னும் உயிரோடு இருந்தது. மெல்லிய உப்புத்தாளால் லேசாகத் தேய்த்ததும் நன்றாகப் பிடித்தது. இது தற்காலிகம்தான். அதே அளவு புது வளையம் கிடைத்த பிறகு மாற்றினேன். அதற்கப்புறம் மூன்று பழைய கேசட்டுகளை இரண்டு பக்கமும் முழுமையாக ஓட்டிப் பார்த்தோம். எதிலும் சிக்கல் இல்லை.

வேகத்தை அளந்த விதம்

கேசட் நாடா நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் ஓட வேண்டும். 1963-ல் ஃபிலிப்ஸ் கேசட்டை வெளியிட்டதிலிருந்து மாறாத அளவு இது. இதைச் சரிபார்க்கத் தொழிற்சாலைச் சோதனைக் கேசட் உண்டு, என்னிடம் இல்லை. அதனால் கணக்கிலிருந்து தொடங்கினோம். 100 நொடியில் 476 சென்டிமீட்டர் நாடா ஓட வேண்டும் என்றால், சரியாக அவ்வளவு நீள நாடா 100 நொடி எடுக்கிறதா என்று பார்த்தால் போதும்.

எறியும் கேசட் ஒன்றில் முழுக்க ஒரே ஒலியைப் பதிந்தேன். கூடத்துத் தரையில் பழைய வேட்டியை விரித்து, அதன் மேல் நாடாவை இழுக்காமல் தளர்வாகக் கிடத்தினோம். ஆசாரியின் இரும்பு டேப்பை ஒரு முனையில் சார் பிடித்துக்கொண்டார், மறுமுனையில் நான். 4.76 மீட்டர் இடைவெளியில் இரண்டு இடத்தில் நாடாவை வெட்டி, ஒலி பதியாத சின்ன ஒட்டுத் துண்டுகளைச் சேர்த்தேன். டெக்கில் ஓட்டினால் ஒலி இரண்டு இடத்தில் அறுந்து வரும். அதைக் கணினியில் பதிந்து, இரண்டு அறுப்புக்கும் இடையிலான நேரத்தை ஆடாசிட்டி என்ற ஒலி மென்பொருளில் அளந்தால் வேகம் தெரிந்துவிடும்.

வந்தது 97.1 நொடி. டெக் 3 சதவீதம் வேகமாக ஓடியது. மோட்டாரின் பின்புறத் துளைக்குள் இருக்கும் சின்ன திருகை மயிரிழை மயிரிழையாகத் திருப்பி, ஐந்தாவது முறையில் 99.8-க்குக் கொண்டுவந்தேன். அரை மணி நேரம் ஓடிச் சூடான பிறகு மறுபடி அளந்தேன்: 99.7. இந்த இரண்டாவது அளவு பின்னால் பெரிதாக உதவியது.

அம்மாவின் கேசட்

கேசட்டின் கூடு திருகு இல்லாமல் ஒட்டி மூடிய வகை. நாடாவை ஹெட்டோடு அழுத்திப் பிடிக்கும் கம்பளித் துண்டு பசை விட்டு உதிர்ந்து உள்ளே கிடந்தது. நாடாச் சுருளின் விளிம்பில் அங்கங்கே வெள்ளைப் பூஞ்சை. அதனால் கூட்டை மாற்றுவது என்று முடிவு செய்தோம். ஐந்து திருகு போட்ட நல்ல கேசட் ஒன்றின் உள்ளே இருந்ததை எடுத்துவிட்டு, அதன் பற்களையும் உடைத்து, இதன் நாடாவை அதற்குள் மாற்றினேன். வெள்ளைத் துவாலை, மூக்குக்கு மாஸ்க், மின்விசிறி அணைப்பு. பழைய கூட்டின் ஒட்டு விளிம்பில் கத்தியை நுழைத்துத் திருப்பியபோது வந்த 'டக்' சத்தத்துக்கு சார் எழுந்து வெளியே திண்ணைக்குப் போய்விட்டார்.

பிறகு கையால், பென்சில் நுழைத்து, இரு முனைக்கும் ஒருமுறை சுற்றினேன். மெல்லிய துணி நாடாவைத் தொட்டும் தொடாமலும் பூஞ்சையைத் துடைத்தது. கசங்கிய இடம் சுமார் 20 சென்டிமீட்டர் இருந்தது. நகத்தால் நீவியதோடு விட்டேன், வெட்டவில்லை.

ஓட்டியதும் குரல் மங்கலாக, போர்வைக்குள் இருந்து வருவது போல வந்தது. பதிந்த ரெக்கார்டரின் ஹெட் சற்றுச் சாய்ந்து இருந்தால் இப்படி ஆகும். அதே சாய்வில் நம் ஹெட்டும் நின்றால்தான் கூர்மையான ஒலிகள் கிடைக்கும். ஹெட்டின் பக்கத்துத் திருகில் நகப்பூச்சால் அடையாளம் வைத்துவிட்டு, இடது வலது இரண்டையும் ஒன்றாகக் கலந்து கேட்டபடி, கால் சுற்றுக்கும் குறைவாகத் திருப்பினேன். ஒரு இடத்தில் 'ச', 'ஸ' எல்லாம் சட்டென்று தெளிந்தன.

இரைச்சல் என்று நினைத்தது

பாட்டுக்கு அடியில் கரகரவென்று ஓர் உருளும் சத்தம், ஒரே சீராக, விட்டு விட்டு வந்தது. ஃப்ளைவீல் பேரிங் என்று முடிவு கட்டி டெக்கை மறுபடி பிரிக்கத் திருப்புளியை எடுத்துவிட்டேன். சார் என் கையைப் பிடித்தார். "தம்பி, அது மெஷினு இல்ல. அம்மா ராகிக் கல்லு சுத்திட்டே பாடுவாங்க."

வெற்றுக் கேசட்டை ஓட்டிப் பார்த்தேன். சத்தம் இல்லை. அவர் சொன்னது சரி. பாட்டில் அடி முடியும் இடமெல்லாம் கல்லும் ஒரு சுற்று முடிக்கிறது. அதை இரைச்சல் என்று கணினியில் நீக்கியிருந்தால் பாட்டின் தாளத்தையே நீக்கியிருப்பேன். அதன் பிறகு எந்த ஒலியையும் அவரைக் கேட்காமல் தொடவில்லை.

குரல் மெலிந்தது, மணி சொன்னது

முதல் பக்கம் போகப் போகக் குரல் மெலிந்தது. அரை மணி நேரம் தாண்டியபோது சின்னப் பிள்ளை பாடுவது போல இருந்தது. "மோட்டார் திருகைக் கொஞ்சம் திருப்பி மெதுவாக்க முடியாதா?" என்று சார் கேட்டார். முடியும். செய்யவில்லை.

டெக் பிசகியிருந்தால் தொடக்கத்திலிருந்தே ஒரே அளவில் பிசக வேண்டும், இங்கே பிசகு கூடிக்கொண்டே போகிறது. சூடேறி டெக் வேகம் மாறவில்லை என்பதற்கு 99.7 என்ற அளவு கையில் இருந்தது. ஆகக் கோளாறு பதிவிலேயே இருக்கிறது. பேட்டரிக் கட்டை தீரத் தீர ரெக்கார்டர் மெதுவாகச் சுழன்றிருக்கிறது. மெதுவாகப் பதிந்ததைச் சரியான வேகத்தில் ஓட்டினால் குரல் உயரும். இதைச் சொன்னதும் சாருக்கு ஞாபகம் வந்தது. பக்கத்தைத் திருப்பும் முன் அப்பா கடைக்குப் போய்ப் புதுக் கட்டை வாங்கி வந்தாராம். இரண்டாம் பக்கத்தில் குரல் இயல்பாகத்தான் இருந்தது.

எனவே டெக்கைச் சரியான வேகத்திலேயே நிறுத்தி, உள்ளபடியே முதலில் கணினியில் பதிந்தோம். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், ஒரு பக்கம் சுமார் 780 எம்பி. திருத்தம் எல்லாம் அதன் நகலில்தான்.

எவ்வளவு திருத்துவது என்பதுதான் கேள்வி. ஞாபகத்தை மட்டும் நம்பிக் குரலை இறக்கினால், நாம் விரும்பும் குரலைத்தான் செய்துகொள்வோம். வழி காட்டியவர் சாரின் மனைவி. 31-ஆவது நிமிடத்தில், விளக்கு வைக்கும் நேரத்தில், பின்னால் பூஜை மணி ஒன்று ஒலிக்கிறது. "அது எங்க வீட்டுச் சீர்ல வந்த மணிங்க. இன்னிக்கும் அதுலதான் அடிக்கிறேன்" என்றார்.

மறுநாள் மணியை எடுத்து வந்தார்கள். வெண்கலக் கைமணி, பிடியில் நந்தி, விளிம்பில் புளி போட்டுத் தேய்த்த பளபளப்பு. வெண்கல மணி நாற்பது வருடத்தில் சுருதி மாறுவதில்லை. மைக் முன்னால் அடித்துப் பதிந்ததில் வலுவான ஒலி 2,140 ஹெர்ட்ஸில் நின்றது. கேசட்டில் அதே ஒலி 2,290 ஹெர்ட்ஸ். 7 சதவீதம் அதிகம்.

தொடக்கத்தில் பிழை இல்லை என்று வைத்துக்கொண்டு, 31-ஆவது நிமிடத்தில் 7 சதவீதம் வருமாறு ஆடாசிட்டியில் வேகத்தைப் படிப்படியாக மாற்ற உதவும் டைம் ட்ராக்கில் சரிவு போட்டேன். தீரும் கட்டை கடைசியில் இன்னும் வேகமாக விழும் என்பதால், இறுதிப் பத்து நிமிடத்துக்கு மட்டும் சாரின் காதை நம்பினோம். கண்ணை மூடிக்கொண்டு கேட்டவர், 12 சதவீதத்தில் கையை உயர்த்தினார். தொடக்கமும் முடிவும் எங்கள் ஊகம், நடுவில் மணி அடிக்கும் இடம் மட்டும் அளந்தது. கோப்பின் பெயரிலேயே அதை எழுதி வைத்திருக்கிறேன்.

பின்னர்

இரண்டு பக்கமும் பதிவானது. கசங்கிய இடத்தில் தாலாட்டின் நான்கு நொடி மங்கிப் போனது, மீளவில்லை. திருத்தாத மூலம், திருத்திய நகல் இரண்டும் மூன்று இடத்தில் இருக்கின்றன: சார் வீட்டு ஹார்ட் டிஸ்க், பெங்களூருவில் பேரன் கணினி, என்னிடம் ஒன்று. மற்றப் பத்து கேசட்டுகளில் ஒன்பது சிக்கலின்றி ஓடின. பத்தாவதில் ஏதோ கல்யாண வீட்டு மைக் செட் சத்தம், யார் கல்யாணம் என்று அந்த வீட்டில் இன்னும் பேச்சு ஓய்ந்தபாடில்லை.

ஒரு பிழை தாமதமாகத் தெரிந்தது. ஹெட் திருகை நகப்பூச்சு அடையாளத்துக்குத் திருப்பிய பிறகும், கடையில் வாங்கிய இசைக் கேசட்டுகள் முன்பை விட மங்கலாக ஒலித்தன. திருகை இறுக்கியிருந்த பழைய அரக்கு உடைந்ததில் அது அடையாளத்தில் நின்றும் ஹெட் லேசாக அசைந்திருக்கிறது. நல்ல நிலையில் இருந்த மூன்று கடைக் கேசட்டுகளை வைத்து, மூன்றுக்கும் பொதுவாகத் தெளிவான இடத்தைத் தேடி மறுபடி நிறுத்தி, புதிதாக அரக்கு வைத்தேன்.

மறுபடி செய்தால்

சதுர பெல்ட் வாங்க மாட்டேன், பத்து நாள் காத்திருப்பேன். ஐட்லர் வளையத்தைப் பெல்ட்டோடு சேர்த்தே மாற்றுவேன், நாடா சிக்கிய பிறகு அல்ல. ஹெட் திருகைத் தொடும் முன், தெரிந்த கேசட் ஒன்றை ஓட்டிக் கணினியில் பதிந்து வைத்துக்கொள்வேன். திரும்பி வந்தோமா என்று சோதிக்க நகப்பூச்சுக் கோட்டை விட அந்தப் பதிவுதான் நம்பகமானது. எல்லாவற்றுக்கும் முன்னால் வீட்டில் இருப்பவர்களை உட்காரவைத்து, அந்தப் பதிவு நடந்த நாளைப் பற்றிக் கேட்பேன். ராகிக் கல், புதுக் கட்டை, பூஜை மணி மூன்றும் முதல் நாளே என் நோட்டில் ஏறியிருக்கும்.

டெக் இப்போது சார் வீட்டுக் கூடத்தில், பின்சுவிட்ச் 240-ல், மேலே துணி போர்த்தி இருக்கிறது. சும்மா கிடந்தால் ரப்பர் ஒரே இடத்தில் அழுந்திப் பள்ளம் விழும் என்பதால் வாரம் அரை மணி நேரமாவது ஓட்டச் சொல்லியிருக்கிறேன். வெள்ளிக்கிழமை மாலை விளக்கு வைத்த பிறகு ஓட்டுகிறார்கள். அம்மாவின் கேசட்டை மட்டும் அதில் போடுவதில்லை. பழைய கூட்டையும் உதிர்ந்த கம்பளித் துண்டையும் சேர்த்து, பீரோவில் தனி டப்பாவில் வைத்திருக்கிறார்கள்.